பானெட்டைத் திறக்காத மெக்கானிக்

என் தங்கை எதை எதையெல்லாம் மல்லுக்கட்டி ஜெயித்தாள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நடுவில் சொல்லப் போனால் பெருமையில் கதை தடம் மாறிவிடும்.

நாலு வயதில் வந்த காய்ச்சல் அவளுடைய வலது காதை வாங்கிக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருந்த ஒற்றைக் காதோடு பத்தாம் வகுப்பை முடித்தாள். தொழிற்பயிற்சிப் பள்ளியில் குளிர்சாதனப் பிரிவில் இருபத்து நாலு பேருக்கு நடுவில் ஒரே பெண்ணாக உட்கார்ந்து, இரண்டாவது தடவையில் பாஸ் செய்தாள். முதல் தடவை தோற்றதற்கு அவள் காரணம் இல்லை. கேள்விகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டே நடந்த வாத்தியார் அவளுடைய வலது பக்கமாகவே நடந்தார். நாலடி பத்து அங்குல உயரத்தை வைத்துக்கொண்டு ஓட்டுநர் உரிமம் வாங்கினாள், நான் தைத்துக் கொடுத்த மூன்று அங்குல மெத்தையின் மேல் உட்கார்ந்து. ஐந்து பட்டறைகளில் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். ஆறாவது பட்டறையில் கார் ஏசியின் கண்டன்சர் கழுவ ஆள் இல்லாததால் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே பதினோரு மாதம் விடாமல் கேட்டுக் கழிப்பறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட வைத்தாள். அவள் கிரீஸ் கையோடு வீட்டுக்கு வந்த முதல் நாளிலிருந்து நாலு மாதம் முகம் கொடுத்துப் பேசாத அப்பா, இப்போது பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூட, உங்க கார்ல ஏசி எப்படி இருக்கு என்று வலியப் போய் விசாரிக்கிறார்.

இவற்றை எல்லாம் விடப் பெரியது ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கார் சீட்டுக்கு உறை தைப்பது என் தொழில். அரை அங்குலம் தப்பினால் ஒரு முழு ரெக்சின் குப்பைக்குப் போகும் என்பதால், எதையும் தேதி போட்டு அளவு போட்டு எழுதி வைப்பேன். அதனால் கீழே வரும் தேதிகளையும் நேரங்களையும் யாரும் சந்தேகப்பட வேண்டாம். என் தையல் அறைக்கும் தங்கை வேலை செய்யும் பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு தகரத் தடுப்புதான். அந்தப் பக்கம் ஸ்பேனர் விழுந்தால் இந்தப் பக்கம் என் ஊசி தடுக்கும்.

பட்டறையில் அவளை ஊசி என்று கூப்பிடுவார்கள். ஏசியில் கேஸ் அழுத்தம் பார்க்கும் மீட்டரை மாட்டிவிட்டு, அதன் ஊசியையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஆளும் ஒல்லி. பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு மேலே ஏசி வேலைக்கு ஒருவர் இருந்தார். எந்தக் கார் வந்தாலும், கேஸ் குறைஞ்சிருக்கும் என்பார். அவர் பெயர் கேஸ் அண்ணன். கெட்ட மனிதர் இல்லை. பதினெட்டு வருட அனுபவம். கம்ப்ரசர் ஓடுகிறதா நின்றதா என்று பத்தடி தள்ளி நின்று காதாலேயே சொல்லிவிடுவார். அது ஓட ஆரம்பிக்கும்போது வருகிற டக் சத்தம் என் தங்கைக்கு எட்டாது. சத்தமான பட்டறையில் ஒற்றைக் காது எவ்வளவுதான் பிடிக்கும். காது இல்லாதவளுக்கு ஏசி வேலை எதுக்கு என்று அவர் கேலி செய்வார். மீட்டருக்குக் காது உண்டாண்ணே என்று இவள் திருப்பிக் கேட்பாள்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு காருக்கும் ஒரு ஜாப் கார்டு எழுதுவார்கள். அடியில் 'பழுது பார்த்தவர்' என்று ஒரு கோடு இருக்கும். அதில் யார் கையெழுத்துப் போடுகிறாரோ அந்த வேலைக்கு அவர்தான் பொறுப்பு. மூன்று மாதத்துக்குள் அதே குறையோடு கார் திரும்பினால், அவர் தன் விடுமுறை நாளில் வந்து செய்து கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போடுகிறவருக்குத்தான் தனி இடம், தனி டூல் அலமாரி. மற்றவர்கள் எல்லாம் எடுபிடி. என் தங்கை அங்கே ஆறு வருடத்தில் எத்தனையோ ஏசிகளைச் சரி செய்தாள். கார்டில் எல்லாம் கேஸ் அண்ணன் கையெழுத்துதான். நான் அதைச் சொல்லிக் குமுறினால், விடுக்கா, வேலை எனக்குத் தெரியும்ல என்பாள். ஆனால் சாப்பிடும்போது அவள் கை தட்டின் ஓரத்தில் எதையோ கிறுக்கிக்கொண்டே இருக்கும். என்ன கிறுக்குகிறாள் என்று உற்றுப் பார்த்தால் தன் பெயரை.

இரண்டாயிரத்துப் பதினைந்து, ஏப்ரல் ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை. வெள்ளைக் கார் ஒன்று வந்தது. பதினேழு வருடப் பழசு. ஓட்டி வந்தவர் வீட்டிலேயே கேக் செய்து வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுப்பவர். கேக்கக்கா என்று எல்லோரும் கூப்பிட ஆரம்பித்தோம். அவருடைய குறை இதுதான்: கிளம்பும்போது ஏசி ஜில்லென்று இருக்கிறது. இருபது நிமிடம் ஓடியதும் அனல்காற்று அடிக்கிறது. க்ரீம் உருகி, கேக் மேல் எழுதின பெயர் வழிந்து, நீங்க யாருக்குக் கொண்டு வந்தீங்கன்னே தெரியலையே என்று ஒரு வீட்டில் கேட்டுவிட்டார்களாம்.

கேஸ் அண்ணன் பானெட்டைத் திறந்தார், மீட்டரை மாட்டினார், கொஞ்சம் கேஸ் ஏற்றினார். பத்து நிமிடம் ஓட விட்டுப் பார்த்தார். ஜில். கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் இருபது, திங்கட்கிழமை, கார் திரும்பி வந்தது. இந்த முறை உள்ளே ஈரம் புகுந்து உறைகிறது என்று சொல்லி, கேஸை முழுக்க வெளியே எடுத்து, ஈரம் உறிஞ்சும் டப்பாவை மாற்றி, புதுசாக ஏற்றினார். ஜில். கையெழுத்து. தன் விடுமுறை நாளை அதற்குக் கொடுத்ததால் முகம் உர்ரென்று இருந்தது.

மே நாலாம் தேதி, திங்கட்கிழமை, மறுபடியும் வந்தது. கேக்கக்கா காரை விட்டு இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, இருபத்து மூணாவது நிமிஷம், கரெக்டா, என்று மட்டும் சொன்னார். கேஸ் அண்ணன் ஒரு விசிறியை மாற்றினார். பேனாவை எடுத்தார், யோசித்தார், மூடி பையில் வைத்துக்கொண்டார். இந்தக் காருக்கு இனிமே நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார்.

நாலு நாள் கழித்து முதலாளி ஒரு முடிவு சொன்னார். கேக்கக்காவிடம் காரை விற்றுவிடச் சொல்லிவிடலாம். ஏசி வேலையே வேண்டாம், அந்த இடத்தில் சக்கர அலைன்மென்ட் மிஷின் போட்டுவிடலாம். கேஸ் அண்ணன் வேறு கிளைக்குப் போகட்டும். ஊசி தண்ணீர் அடிக்கிற பக்கம் போகட்டும். ஆறு வருடத்துக்கு அப்புறம் என் தங்கை மறுபடி கழுவுகிற வேலைக்கு.

அன்று அவள் என் அறைக்கு வந்து ரெக்சின் சுருளின் மேல் உட்கார்ந்தாள். அழுவாள் என்று தண்ணீர் எடுத்து வைத்தேன். அவளோ முகம் முழுக்கப் பரபரப்பாக இருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கவனிச்சியா. அந்தக் காரு ரோட்டுல கெட்டுப்போகுது. நம்ம பட்டறைக்குள்ள மூணு தடவையும் கெட்டுப்போகவே இல்ல."

"ஓடுனாத்தானே கெடும்?"

"நிக்கும்போதும் கெடுதுன்னு கேக்கக்கா சொல்றாங்க. சிக்னல்ல. நம்மகிட்ட மட்டும் நல்ல பிள்ளையா நடிக்குது. நாம மூணு தடவையும் முதல்ல செஞ்ச காரியம் என்ன?"

அவளே சொன்னாள். நாம பானெட்டைத் திறந்தோம்.

கார் பட்டறைக்குள் வந்ததும் பானெட்டைத் திறந்து முட்டுக் கொடுப்பது அங்கே மூச்சு விடுவது போல. மீட்டர் மாட்ட வேண்டுமானால் திறக்கத்தான் வேண்டும். கேஸ் அண்ணன் காதால் கேட்பதற்கும் திறக்கத்தான் வேண்டும். திறந்த உடனே உள்ளே இருக்கிற சூடு எல்லாம் வெளியே போய்விடுகிறது. சூட்டில் மட்டும் வருகிற குறை எப்படிக் கண்ணில் படும்? பதினெட்டு வருட அனுபவமும் ஆறு வருட அனுபவமும் சேர்ந்து குறையைத் தட்டிக் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டுத் தேடியிருக்கின்றன.

அவள் நேராக முதலாளியிடம் போனாள். நானும் தடுப்புக்கு இந்தப் பக்கம் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். ஒரு வாரம் கேட்டாள். அவர் வியாழக்கிழமை வரை என்றார். அதாவது மே பதினாலு. சரியாக வராவிட்டால் வெள்ளிக்கிழமை காலையில் அலைன்மென்ட் மிஷின்காரர் இடத்தை அளக்க வருவார். கேஸ் அண்ணன் சிரித்துக்கொண்டே, பானெட்டைத் திறக்காம ஏசி பார்க்கப் போகுதாம், வயித்தைத் தொடாம வைத்தியம் பார்க்கிற டாக்டர் மாதிரி, என்றார்.

கேக்கக்காவுக்கு அவள் போன் செய்தாள். அவர் முதலில் முடியாது என்றார். அப்புறம், வியாழக்கிழமை எனக்கு மூணு அடுக்கு கேக் ஒண்ணு போகணும் பாப்பா, அதுக்குள்ள முடியுமா, என்று கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகு என்னைப் பார்த்து, முடியுமாக்கா, என்றாள்.

ஏசியைப் பற்றி அவள் எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தெரியாதவர்களுக்கு உதவும். குளிரை உண்டாக்குவது கம்ப்ரசர். அதன் முன்னால் ஒரு சக்கரம். எஞ்சின் ஓடும் வரை பெல்ட் அந்தச் சக்கரத்தைச் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். சக்கரத்துக்கு முன்னால் ஒரு தட்டு, நடுவில் மெல்லிய இடைவெளி. கரண்ட் வந்தால் சக்கரத்துக்குள் இருக்கும் காந்தம் தட்டைச் சடாரென்று இழுத்து ஒட்டிக்கொள்ளும். அப்போதுதான் கம்ப்ரசர் சுற்றும். இதற்குப் பெயரும் கிளட்ச்தான், காலால் மிதிக்கிற கிளட்ச் வேறு. போதுமான குளிர் வந்ததும் கரண்ட் நிற்கும், தட்டு விடுபடும். குளிர் குறைந்ததும் மறுபடி ஒட்டும். அந்த ஒட்டுகிற சத்தம்தான் கேஸ் அண்ணன் பத்தடி தள்ளிக் கேட்கிற டக்.

எனக்குத்தான் அது கேக்காதே, அதனால கண்ணுக்குத் தெரியிற மாதிரி பண்ணிக்கிறேன், என்றாள். கிளட்சுக்குப் போகிற கம்பியிலிருந்து ஒரு கிளை எடுத்து, பானெட் ரப்பர் ஓரமாக வெளியே இழுத்து, ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்து, ஒரு சின்ன பல்பில் சேர்த்தாள். பல்பை டேஷ்போர்டில் டேப் போட்டு ஒட்டினாள். கிளட்சுக்குக் கரண்ட் போனால் பல்பு எரியும். நின்றால் அணையும். கேக் வெந்ததா என்று குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்றைக் கேக்கக்கா கொடுத்தார். அதைக் காற்று வரும் துவாரத்தில் செருகினாள். பானெட்டைச் சாத்தினாள்.

மே பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு பத்துக்குக் கிளம்பினோம். அவள் ஓட்டினாள். பல்பையும் தெர்மாமீட்டரையும் பார்த்து நேரத்தோடு எழுத என்னைக் கூட்டிப்போனாள். நெரிசலான தெருவாகப் பார்த்து நுழைந்தாள். வாழ்க்கையில் நெரிசலைத் தேடிப் போன கார் அது ஒன்றுதான் இருக்கும்.

என் நோட்டில் உள்ளபடி: பன்னிரண்டு இருபதுக்கு ஒன்பது டிகிரி. பல்பு அணைகிறது, எரிகிறது, ஒழுங்காக. பன்னிரண்டு முப்பதுக்கும் ஒன்பது. முப்பத்து ஒன்றுக்கு அணைந்தது. முப்பத்து இரண்டுக்கு எரிந்தது. முப்பத்து மூன்றுக்குப் பதினாலு டிகிரி. நான் எழுதுவதற்குள் பதினெட்டு. துவாரத்தில் கையை வைத்தேன், சோற்றுப் பானை மூடியைத் திறந்த மாதிரி இருந்தது. இருபத்து மூன்றாவது நிமிடம். கேக்கக்கா நொடி தப்பாமல்தான் சொல்லியிருக்கிறார்.

"பல்பு?" என்றாள்.

"எரியுது."

"நல்லாப் பாரு."

"எரியுதுடி. மினுங்கக்கூட இல்ல."

அவள் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தாள். பக்கத்துக் காரில் இருந்தவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். வியர்வை சொட்டச் சொட்ட, ஏசி கெட்டுப்போன காருக்குள் இரண்டு பெண்கள் சிரிப்பதை அவர் முன்னே பின்னே பார்த்திருக்க மாட்டார்.

கரண்ட் போகிறது, ஆனால் குளிர் இல்லை. அப்படியானால் ஒயர், சுவிட்ச் எதிலும் தப்பு இல்லை. இனி இரண்டே சந்தேகம். ஒன்று, கம்ப்ரசர் சுற்றியும் உள்ளே எங்கேயோ அடைப்பு. இல்லையென்றால் தட்டு ஒட்டவே இல்லை. அதைக் கண்ணால் பார்க்க வேண்டும், சூடு ஆறுவதற்குள். ஓரமாக நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை. முந்தின நாளே ஒத்திகை பார்த்திருந்தோம். நான் உள்ளிருந்து லீவரை இழுத்தேன், அவள் குதித்து ஓடிப் பானெட்டைத் தூக்கினாள். நானும் ஓடினேன். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. முன்னால் இருந்த தட்டு, கோபித்துக்கொண்டு திண்டில் உட்கார்ந்த மாப்பிள்ளை போல, அசையாமல் நின்றது.

ஒரு துடைப்பக் கட்டையைக் கொண்டுவந்திருந்தாள். நன்றாகத் தள்ளி நின்று, கட்டையின் நுனியால் தட்டை லேசாக ஒரு தள்ளு தள்ளினாள். சட்டென்று ஒட்டிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. அந்த டக் எனக்குக் கேட்டது. அவளுக்குக் கேட்டதா என்று பார்த்தேன். அவள் கட்டையைப் பிடித்த கையைக் காட்டி, இங்கே கேட்டுச்சுக்கா, என்றாள். உள்ளே போய்ப் பார்த்தால் தெர்மாமீட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. இருபது, பதினாறு, பதினொன்று.

வழியெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தாள். பதினேழு வருடத்தில் தட்டு தேய்ந்து இடைவெளி அகலமாகிவிட்டது. காந்தம் சூடானால் அதன் பலம் குறையும். ஒட்டிக்கொண்டிருக்கும் வரை பிடித்துக்கொள்ளும். ஒரு தடவை விட்டுவிட்டால், அவ்வளவு தூரத்திலிருந்து இழுக்க அதற்குத் தெம்பு இல்லை. பானெட்டைத் திறந்தால் காந்தம் குளிர்ந்து தெம்பு திரும்பிவிடுகிறது. பட்டறைக்கு வந்து இதையே கேஸ் அண்ணனிடம் சொன்னாள். அவர், புது கம்ப்ரசர்தான் மாத்தணும், அந்த வயசுக் காருக்கு இப்போ யாரு தயாரிக்கிறான், என்றார். வேண்டாம்ணே, இடைவெளியைக் குறைச்சாப் போதும் என்றாள்.

மறுநாள் புதன்கிழமை. தட்டின் நடுவில் இருந்த போல்ட்டைக் கழற்றித் தட்டை இழுத்து எடுத்தாள். கழற்றுவதற்கு முன் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக இடைவெளியில் விட்டு அளந்திருந்தாள். ஒரு மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். தட்டுக்குப் பின்னால், தண்டில், மோதிரம் மாதிரி இரண்டு வாஷர் இருந்தன. தட்டை எவ்வளவு தள்ளி வைப்பது என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. அவசரத்தில் அவள் இரண்டையும் எடுத்துவிட்டு மாட்டினாள். எஞ்சினைப் போட்டதும் கிரீச் என்று ஒரு அலறல். ஏசியைப் போடாமலே தட்டு சக்கரத்தில் உரசியது. பட்டறையே திரும்பிப் பார்த்தது. முதலாளி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அவள் எஞ்சினை அணைத்தாள். என் அறைக்கு வந்து நின்றாள். நான் தைத்துக்கொண்டிருந்த உறையில் ஓரத்தை அதிகமாக மடித்துவிட்டு, பிரித்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். இரண்டு வாஷரையும் தனித்தனியாக அளந்தாள். ஒவ்வொன்றும் சரியாக அரை மில்லிமீட்டர். இரண்டையும் எடுத்தால் இடைவெளியே இல்லை. முன்னாலேயே அளந்திருந்தால் உரசியே இருக்காது. ஒன்றைத் திரும்பப் போட்டு மாட்டினாள். பிறகு தட்டைக் கையால் சுற்றிச் சுற்றி மூன்று இடத்தில் அளந்தாள். மூன்றிலும் அரை. அப்போது கேஸ் அண்ணன் பக்கத்தில் வந்து குனிந்தார். அவர் கையில் தகடு இருந்தது. தானும் ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டு, ம், என்றார். அந்த ம் பதினெட்டு வருடத்துக்குச் சமம் என்று அவள் சாயங்காலம் சொன்னாள்.

வியாழக்கிழமை. ஒரு அச்சகத்தில் ஐம்பது வருடம் அச்சுக் கோத்தவர் அன்று ஓய்வு பெறுகிறார். அவருக்கான கேக், மூன்று அடுக்கு, வெள்ளை க்ரீம், மேலே சாக்லேட்டில் செய்த சின்னச் சின்ன எழுத்துகள். ஊரின் அடுத்த கோடிக்குப் போக வேண்டும். பகல் இரண்டு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு.

முதலாளி எங்களிடம் வந்து, நானும் வர்றேன் என்றார். யாரும் எதிர்பார்க்கவில்லை. பட்டறைக்குள்ள பத்து நிமிஷம் ஓட்டிக் காட்டி எத்தனை தடவை என்னை ஏமாத்துனீங்க, அந்த கேக் போய்ச் சேர்ற வரைக்கும் நான் காருக்குள்ளதான் இருப்பேன், என்றார். என் தங்கையைப் பார்த்து, கேக் சாஞ்சா அப்படியே இறங்கித் தண்ணி பைப்பைப் பிடிச்சுக்கோ என்றும் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அளக்க வருகிறவருக்கு மறுநாள் காலை ஒன்பது மணி என்று போன் செய்து உறுதி செய்ததை நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் கேட்டிருந்தேன்.

கேக்கக்கா ஓட்டினார். முதலாளி முன் சீட்டில். பின்னால் நடுவில் கேக், ஒரு பக்கம் நான், மறுபக்கம் என் தங்கை, தன் நல்ல காது எங்கள் பக்கம் இருக்கும்படி. கேக் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். டேஷ்போர்டில் பல்பு அப்படியே ஒட்டியிருந்தது. அதை எடுக்க வேண்டாம் என்று கேக்கக்காவே சொல்லியிருந்தார்.

இரண்டு ஐந்துக்குக் கிளம்பினோம். பத்து நிமிடம் எல்லோரும் எதையாவது பேசினோம். பதினைந்தாவது நிமிடத்தில் பேச்சு குறைந்தது. இருபதில் கார் நின்றது. முன்னால் ஒரு லாரி பழுதாகி நின்றிருந்தது, இரண்டு பக்கமும் வண்டிகள். எங்கேயும் நகர வழி இல்லை. இருபத்து இரண்டு. பல்பு அணைந்தது.

பல்பு அணைந்தால் நல்லதுதான், போதிய குளிர் வந்துவிட்டது என்று அர்த்தம். எரிந்த பிறகுதான் சோதனை. எனக்கு அது தெரியும். இருந்தும் நோட்டில் நேரத்தை இரண்டு தடவை எழுதினேன். கேக்கக்கா கண்ணாடி வழியாகத் தங்கையைப் பார்த்தார். தங்கை கேக்கைப் பார்த்தாள். முதலாளி பல்பைப் பார்த்தார்.

பல்பு எரிந்தது. இருபத்து மூன்றாவது நிமிடம்.

நான் தெர்மாமீட்டரைப் படித்தேன். ஒன்பது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் படித்தேன். ஒன்பது. பல்பு அணைந்தது, எரிந்தது. ஒன்பது. முப்பது, நாற்பது, ஐம்பது நிமிடம். லாரியை இழுக்க வண்டி வந்து, அது திரும்ப இடமில்லாமல் இன்னொரு இருபது நிமிடம். வெளியே நின்றவர்கள் எல்லாம் சட்டையைப் பிடித்து விசிறிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நாலு பேரும் அந்த ஒன்பது டிகிரியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பல்பு நாற்பத்தாறு தடவை அணைந்து எரிந்ததை நான் கோடு போட்டு எண்ணி வைத்திருக்கிறேன்.

முதலாளி மெதுவாக இரண்டு கைகளையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு திரும்பாமலே சொன்னார்.

"கொஞ்சம் குறைச்சு வைங்கம்மா. எனக்குத் தோள்பட்டை இழுக்குது."

கேக்கக்கா குறைக்க மாட்டேன் என்றார். கேக் போற வரைக்கும் நடுங்குங்க சார் என்றார். என் தங்கை அப்போதுதான் சிரித்தாள், ஆனால் பெட்டியை விட்டுக் கையை எடுக்கவில்லை.

மூன்று ஐம்பதுக்கு அச்சக வாசலில் இறங்கினோம். மூன்று அடுக்கும் நிமிர்ந்து நின்றன. சாக்லேட் எழுத்துகளில் ஒன்றுகூட நகரவில்லை. ஓய்வு பெறுகிறவர் குனிந்து பார்த்து, இதை யாரு கோத்தது, இடைவெளி எல்லாம் ஒரே அளவா இருக்கே, என்று கேட்டார். கேக்கக்கா விளையாட்டாக என் தங்கையைக் கை காட்டிவிட்டார். அவளோ அவர் கேட்டது எழுத்தை என்று தெரியாமல், அரை மில்லிமீட்டர் ஐயா, என்று பதில் சொன்னாள். அவர் மரியாதையோடு தலையை ஆட்டிக்கொண்டார்.

பட்டறைக்குத் திரும்பியபோது ஐந்தரை. கேஸ் அண்ணன் கிளம்பாமல் இருந்தார். முதலாளி காரிலிருந்து இறங்கி நேராக மேசைக்குப் போய் அந்தக் காரின் ஜாப் கார்டை எடுத்தார். மே நாலாம் தேதியிலிருந்து கையெழுத்துக் கோடு காலியாகக் கிடந்த கார்டு. கேஸ் அண்ணன் முன்னால் அதை நீட்டினார், வழக்கத்தில் கை தானாகப் போய்விட்டது போலிருக்கிறது. கேஸ் அண்ணன் வாங்கவில்லை.

"நான் என்னத்தைப் பார்த்தேன்? பார்த்தது ஊசி. போட வேண்டியதும் அதுதான்."

முதலாளி கார்டைத் தங்கை பக்கம் திருப்பினார். போடுறதுக்கு முன்னாடி யோசிச்சுக்கோ, மூணு மாசம், உன் லீவு நாளு, என்றார். அப்படியே போனை எடுத்து, அளக்க வருகிறவரிடம் நாளைக்கு வர வேண்டாம் என்று சொன்னார். அதுவே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த துணியே கிரீஸ்தான், அதனால் என் முந்தானையை இழுத்து மறுபடி துடைத்துக்கொண்டாள். அதற்கு முன்னால் எத்தனையோ படிவங்களில் அவள் தன் பெயரை எழுதியிருக்கிறாள், பள்ளியில், உரிமத்துக்கு, பரீட்சைத் தாளில். அவை எல்லாம் இன்னார் என்று சொல்வதற்கு எழுதியவை. இதைச் செய்தது நான், கெட்டுப்போனால் என்னிடம் வாருங்கள் என்று சொல்லி அவள் போட்ட முதல் கையெழுத்து இதுதான். மெதுவாக, முழுப் பெயராக, கடைசி எழுத்தின் புள்ளி வரை அழுத்தி வைத்தாள். கீழே தேதியைப் போடாமல் பேனாவை என்னிடம் நீட்டினாள். நான்தான் எழுதினேன்: 14.5.2015, வியாழக்கிழமை.